சம்பா காரீபா, ரபியா?

நாகூரைத் தாண்டி வாஞ்சூர் சோதனைச் சாவடியைக் கடந்தால் காரைக்கால் மாவட்டம். பெட்ரோல் விலை மாறும், மதுக்கடைப் பலகைகள் வரிசைகட்டி நிற்கும். 2023–24 கல்வியாண்டிலிருந்து இன்னொன்றும் மாறிவிட்டது, பிள்ளைகளின் பையில் இருக்கும் புத்தகம். நாகூர் அரசுப் பள்ளிப் பிள்ளையிடம் இருப்பது தமிழ்நாட்டுப் பாடநூல். சாவடிக்கு அந்தப் பக்கம் திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளையிடம் இருப்பது தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் நூல். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றும் ஒரே ஆண்டில் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அடுத்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் மழை ஒன்று, வயல் ஒன்று, வீட்டில் பேசும் பேச்சும் ஒன்று. காவிரி நீரில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் வரை போய் எழுதி வாங்கியாயிற்று. பாடநூலில் காரைக்காலின் பங்கு எவ்வளவு என்று கேட்கத்தான் நடுவர் மன்றம் கிடையாது.

என்.சி.இ.ஆர்.டி. என்றால் டெல்லியிலிருந்து ஆணை போடும் துறை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1961 செப்டம்பர் 1 அன்று, அதுவரை தனித்தனியே இயங்கிய ஏழு மத்திய நிறுவனங்களைச் சேர்த்து அதைத் தொடங்கினார்கள். சட்டப்படி அது சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம், அவ்வளவுதான். ‘இதைத்தான் நடத்த வேண்டும்’ என்று ஒரு மாநிலத்துக்குச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆய்வு செய்யலாம், மாதிரி நூல் எழுதலாம், பயிற்சி தரலாம், ஆலோசனை சொல்லலாம். 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோன பிறகும் இந்த நிலை மாறவில்லை.

அப்படியானால் அதன் சொல் இவ்வளவு தூரம் பாய்வது எப்படி? வேறு சிலர் கையில் இருக்கும் மதகுகள் வழியாகத்தான். சி.பி.எஸ்.இ. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அதன் நூல்களைப் பின்பற்றச் சொல்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம், 2009 தன் 29ஆவது பிரிவில், கலைத்திட்டத்தை வகுக்க ஒரு ‘கல்விசார் அமைப்பை’ அரசு அறிவிக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2010இல் அறிவித்தது என்.சி.இ.ஆர்.டி.யை. தமிழ்நாட்டில் அந்த இடம் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு. மூன்றாவது மதகு நீட். இதுதான் பெரியது. அதைப் பற்றிப் பின்னால்.

பேச்சில் நாம் கலந்துவிடும் மூன்று சொற்களைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிள்ளைகள் எதற்காகப் படிக்கிறார்கள், எந்த வயதில் என்ன திறன் வர வேண்டும், எப்படிக் கற்பிப்பது, எப்படி மதிப்பிடுவது என்று சொல்வது கலைத்திட்டம். எந்த வகுப்பில் எந்தப் பாடப்பொருள், எந்த வரிசையில், எத்தனை பீரியடில் என்பது பாடத்திட்டம். அதைக் கையில் கொடுப்பது பாடநூல். தேசிய அமைப்பின் முதல் வேலை மேல்தட்டில் உள்ள முதலாவது. அதற்கு அது எழுதும் ஆவணம்தான் தேசியக் கலைத்திட்டச் சட்டகம். 1975, 1988, 2000, 2005 என்று நான்கு வந்தன. அடிப்படை நிலைக்குத் தனியாக 2022இலும், பள்ளிக்கல்வி முழுமைக்கும் 2023இலும் புதியவை வந்தன. 2005இன் குழுவுக்குத் தலைவர் யஷ்பால். அவர் தலைமையில் 1993இல் வந்த ‘சுமையில்லாக் கற்றல்’ அறிக்கைதான் அதற்கு விதை. 2023இன் குழுவுக்குத் தலைவர் கஸ்தூரிரங்கன்.

2005இல் 21 தேசியக் கவனக் குழுக்கள் அமைத்தார்கள். கணக்குக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று, தேர்வுச் சீர்திருத்தத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் தனி அறிக்கை எழுதியது. அந்த அறிக்கைகளைப் படித்தால் எதற்காக ஒரு பாடம் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். 2023இன் சட்டகம் வேறு வகை. ஒவ்வொரு பாடத்துக்கும் இலக்குகள், ஒவ்வொரு இலக்கின் கீழ் திறன்கள், திறனைப் பிரித்தால் வகுப்புவாரிக் கற்றல் விளைவுகள் என்று எண் போட்டு அடுக்கியது. எண் போட்ட பட்டியலில் பாட ஆசிரியருக்கு வசதி உண்டு. காரணம் சொல்லும் பத்திகள்தான் பட்டியலுக்கு அடியில் போய்விடுகின்றன.

சட்டகத்தில் ஒரு வரி வயல்வரப்பு வரை எப்படி வர வேண்டும் என்பதை ஒரே ஒரு கற்றல் விளைவை வைத்துப் பார்க்கலாம். 2017இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட தொடக்க நிலைக் கற்றல் விளைவுகளில், நான்காம் வகுப்புச் சூழ்நிலையியலில் ஒன்று உண்டு. உணவு, நீர், உடை போன்ற அன்றாடத் தேவைகள் உற்பத்தியாகும் இடத்திலிருந்து வீட்டுக்கு வந்துசேரும் முறையைப் பிள்ளை விளக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வரியில் கோதுமையும் இல்லை, நெல்லும் இல்லை. அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள். நிரப்புவது கீழே இருப்பவர்களின் வேலை.

நிரப்பும்போது முதலில் வினைச்சொல்லைப் பிடிக்க வேண்டும். ‘விளக்குதல்’ என்று இருக்கிறது. பெயர் சொன்னால் போதாது. அடுத்து, அந்த ஊரில் நெல் நிற்கும் நிறுத்தங்களை வரிசையாக எழுத வேண்டும். நாற்றங்கால், நடவு, அறுவடை இயந்திரம், களம், நேரடி நெல் கொள்முதல் நிலையம், அரவை ஆலை, நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கு, ரேஷன் கடை, வீட்டு உலை. ஒன்பது வந்துவிட்டது. பாடநூல்கள் பொதுவாக உழவர், லாரி, கடை என்று மூன்று படத்தில் முடித்துவிடும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு நடுவில் விட்டுப்போன ஆறும்தான் வீட்டுப் பேச்சு.

மூன்றாவது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளை தானே பார்க்கவோ கேட்கவோ முடிந்த ஒன்றைக் குறிக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மானி இருக்கும். 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை திரும்பும். ஏன் 17? ஈரம் கூடினால் கிடங்கில் நெல் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரைத்தால் நொய்யாகும். ஐப்பசி மழையில் குறுவை நெல்லைச் சாலையில் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பதற்குக் காரணம் இந்த ஒற்றை எண்தான். அங்கே மூட்டை 40 கிலோ. அரவை ஆலை 100 கிலோ புழுங்கல் நெல்லுக்கு 68 கிலோ அரிசி திருப்பித் தர வேண்டும். அப்படியானால் ஒரு மூட்டைக்கு? 27 கிலோ 200 கிராம். சூழ்நிலையியல் பீரியடிலேயே கணக்கும் வந்துவிட்டது. மீதி எங்கே போனது என்று பிள்ளை கேட்டால் உமியும் தவிடும் வரும், தவிட்டைத் தொடர்ந்தால் மாட்டுத் தொட்டி வரை போகலாம்.

நான்காவது மதிப்பீடு. ‘கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை எத்தனை கிலோ?’ என்று கேட்டால் விளைவு அங்கேயே செத்தது. ‘கொள்முதல் நிலையம் பத்து நாள் மூடியிருந்தால் அதற்கு முந்தைய நிறுத்தத்தில் என்ன ஆகும், பிந்தைய நிறுத்தத்தில் என்ன ஆகும்?’ என்று கேட்டால்தான் பிள்ளை விளக்கியாக வேண்டும். இவ்வளவுக்கும் ஆறு பீரியட் போதும். நான்கு பீரியடில் அடக்கப் பார்த்தால் முதலில் வெட்டுப்படுவது பார்த்துவரும் வேலை. அதை வெட்டினால் மிஞ்சுவது மூன்று படம்தான்.

இதுவரை சொன்னது காலியிடம் விட்டிருக்கும் வரி. காலியிடம் விடாமல் எழுதிய வரிகளும் இருக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு அறிவியலில் நெடுநாள் இருந்த பயிர் உற்பத்திப் பாடம், மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை விதைப்பது காரீப், குளிர்காலமான அக்டோபர் முதல் மார்ச் வரை வளர்வது ரபி என்றது. நெல் காரீப் பட்டியலில். ஒன்பதாம் வகுப்பு உணவு வளங்கள் பாடம் காரீபை ஜூன்–அக்டோபர் என்றும், ரபியை நவம்பர்–ஏப்ரல் என்றும் வைத்தது. ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த இரண்டு வகுப்பு நூல்களில் மாதம் ஒத்துப்போகவில்லை. அது சின்ன விஷயம், விட்டுவிடலாம். ஒன்பதாம் வகுப்புப் பட்டியலில் உளுந்தும் காரீப்.

இதை டெல்டாப் பிள்ளையின் வீட்டுக் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து, சில நாளில் கல்லணையும் திறந்தால் குறுவை. ஆற்று நீரிலும் போர் நீரிலும் ஏறும் பயிர், புரட்டாசி ஐப்பசியில் அறுவடை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு இங்கே வானத்திலிருந்து விழுவதில்லை, குடகிலும் வயநாட்டிலும் பெய்து ஆற்றில் வருகிறது. நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி கார்த்திகை. ஆவணியில் நாற்று விட்டு, புரட்டாசியில் நட்டு, வடகிழக்கு மழையைக் குடித்து, தையில் அறுக்கும் சம்பா எந்தப் பெட்டியில் அடங்கும்? குறுவை அறுத்த தாளில் நடும் தாளடி? உளுந்தோ, சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் தெளிப்பது. வயலின் மிச்ச ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து பங்குனி சித்திரையில் கைக்கு வரும். நூலின் கணக்குப்படி உளுந்து நிற்க வேண்டிய ஜூலையில் இங்கே குறுவை நிற்கிறது.

“டீச்சர், எங்க அப்பா தை மாசம் அறுக்குற சம்பா காரீபா, ரபியா?” என்று ஒரு பிள்ளை கேட்டால் டீச்சர் என்ன சொல்வார்? இதில் வேடிக்கை என்னவென்றால், அரசு நெல் வாங்கும் ஆண்டுக்கே ‘காரீப் கொள்முதல் பருவம்’ என்றுதான் பெயர். தையில் அறுத்த சம்பாவும் அந்தப் பெயரில்தான் எடை போடப்படுகிறது. ஆக, பிள்ளையின் அப்பா கையில் இருக்கும் ரசீதும் வயலும் ஒன்றுக்கொன்று முரண். நூலாசிரியர்கள் தெரியாமல் எழுதியதாகச் சொல்ல முடியாது. ‘பொதுவாக’ என்ற சொல் அந்த எட்டாம் வகுப்பு வரியில் உண்டு. நாட்டின் பெரும்பகுதிக்கு அது சரி. ஒரு நாட்டுக்கு ஒரு நூல் என்று எழுத உட்கார்ந்தால் வடகிழக்கு மழைக்காரன் எப்போதும் அடிக்குறிப்பில்தான் உட்கார வேண்டும். அந்த இரண்டு நூல்களில் அடிக்குறிப்பும் போடவில்லை.

எல்லாவற்றிலும் நம் பக்கம் விடுபட்டது என்றும் சொல்லக் கூடாது. 2005இன் சட்டகத்தை ஒட்டி எழுதிய ஏழாம் வகுப்பு வரலாற்று நூலில் சோழர் பகுதி நன்றாகவே வந்தது. விஜயாலயன் முத்தரையரிடமிருந்து டெல்டாவைப் பிடித்தது, காவிரி பல வாய்க்காலாகப் பிரிந்து வண்டல் போடுவது, வெள்ளான்வகை, பிரமதேயம், சாலாபோகம், தேவதானம், பள்ளிச்சந்தம் என்ற நில வகைகள், உத்திரமேரூர்க் கல்வெட்டில் சபை உறுப்பினருக்கான தகுதிகள் என்று எல்லாம் அதில் இருந்தன. ராஜஸ்தான் பிள்ளைக்கும் தஞ்சாவூர் தெரிய வேண்டும், நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கும் டெல்லி சுல்தான்கள் தெரிய வேண்டும் என்றால், அந்தப் பரிமாற்றத்துக்குத் தேசிய நூலைவிட நல்ல இடமில்லை. வரலாற்றில் அது செய்த வேலையைப் பயிர்ப் பருவத்தில் செய்யவில்லை, அதுதான் குறை.

மாநிலத்தின் கதை வேறு. தமிழ்நாடு 2010–11இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் சமச்சீர்க் கல்வியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மீதி வகுப்புகள் சிக்கலில் மாட்டி, 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே பிள்ளைகள் கைக்குப் புத்தகம் போனது. 2018–19இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றுக்குப் புதிய நூல்கள், அடுத்த ஆண்டு மீதி எல்லாம். அந்த முறை மேல்நிலை அறிவியல் நூல்கள் பருத்ததற்கு நீட் ஒரு முக்கியக் காரணம். தேசியச் சட்டகத்தை மாநிலம் கையெழுத்துப் போட்டு ஏற்கவில்லை, ஆனால் நுழைவுத் தேர்வின் பின்வாசல் வழியே தேசிய நூலின் எடை வந்து சேர்ந்துவிட்டது.

அந்த மதகு எப்படித் திறந்து மூடுகிறது என்பதற்கு ஒரு சான்று. கொரோனாவுக்குப் பிறகு சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. தன் நூல்களிலிருந்து பல பகுதிகளை எடுத்தது. பத்தாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணைப் பாடமும் பரிணாமமும் போனது செய்தியாயிற்று. செய்தியில் வராமல் போனது, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் வழிகள் என்ற முழுப் பாடம். 2024 நீட் பாடத்திட்டத்திலும் அது இல்லை. வெட்டுவதற்கு முன்பும் அந்தப் பாடத்தின் நெல் வரலாற்றில் பிலிப்பைன்ஸின் ஐ.ஆர்.8, ஜயா, ரத்னா ரகங்கள் இருந்தன. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும், தஞ்சை மாவட்டத்தில் குறுவையின் முகத்தையே மாற்றிய ஆடுதுறை 27உம் இல்லை. இல்லாத ஒன்றை வெட்ட முடியாதுதான். ஆனால் நெல்லைப் பற்றி ஒரு டெல்டா மாணவி நீட்டுக்காகப் படிக்க இருந்த கொஞ்சமும் போயிற்று.

இனி நேரக் கணக்கு. கலைத்திட்டம் எழுதுபவர்கள் மிக நம்பிக்கையோடு போடும் கணக்கும், இங்கே முதலில் உடையும் கணக்கும் இதுதான். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 நாள், 1,000 மணி நேரம். நாளுக்கு 273 நிமிடம் வருகிறது, 40 நிமிட பீரியட் என்றால் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. 2023இன் சட்டகம் 220இல் 20 நாளைத் தேர்வுகளுக்கும் 20 நாளைப் பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் ஒதுக்கி, கற்பித்தலுக்கு 180 என்று நேர்மையாகவே சொல்கிறது. இதில் மழை விடுமுறைக்கு இடமில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் 12 நாள் போனதாக வைத்துக்கொள்வோம். சட்டத்தின் கணக்கில் அது 54 மணி நேரத்துக்கு மேல். அறிவியலின் பங்கு ஏழில் ஒன்று என்றால் ஏறக்குறைய 12 பீரியட், ஒரு முழுப் பாடம். சனிக்கிழமை ஈடுசெய் வகுப்பில் அது திரும்ப வருவதாக ஏட்டில் எழுதலாம். வருகைப் பதிவேடு வேறு சொல்லும். 2018 நவம்பர் 16 அன்று கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது புதிய நூல்களின் முதல் ஆண்டு பாதியில் நின்றது. பள்ளிக் கூரைகள் போயின, புத்தகங்கள் ஊறிப்போயின. புதுப் பாடத்தை முதன்முறை நடத்தும் ஆசிரியருக்கு, எதை விடலாம் எதை விடக் கூடாது என்று சொல்லும் ஒரு பக்கம் அப்போது கையில் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் ‘இது போனால் அடுத்த வகுப்பில் இடிக்கும்’ என்ற குறியீடு போடுவது தேசிய அமைப்பு எளிதாகச் செய்யக்கூடிய வேலை. எல்லா வகுப்பையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இடம் அதுதான்.

பயிற்சி மேலிருந்து அடுக்கடுக்காக இறங்குகிறது. டெல்லி, தென்மாநிலங்களுக்கான மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம், மாநிலம், குருக்கத்தியில் இருப்பது போன்ற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள், வட்டார வள மையம், குறுவள மையம். ஒவ்வொரு படியிலும் நாள் குறையும், ஸ்லைடு மட்டும் குறையாது. 2019இல் 42 லட்சம் ஆசிரியர்கள் என்ற இலக்கோடு தொடங்கிய நிஷ்டா பயிற்சி ஓராண்டுக்குள் கொரோனாவால் இணையத்துக்குப் போனது. மேலே ஐந்து நாள் பேசியது கீழே ஒரு பிற்பகலாகி, கடைமடையில் வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். ஆகிவிடும். இதற்கு ஆசிரியர் பயிற்றுநர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆற்றிலிருந்து முதலில் பிரியும் ஏ வாய்க்காலில் இருக்கும் தண்ணீர், பல கிளை தள்ளி வரும் எஃப் வாய்க்காலிலும் அதே உயரத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, பயிற்சியில் மட்டும் கேட்கிறோம்.

காரைக்காலுக்குத் திரும்புவோம். அங்கே நடந்த மாற்றத்தின் குறை வேகம்தான். எட்டில் மாநில நூல் படித்த பிள்ளை ஒன்பதில் நேராக என்.சி.இ.ஆர்.டி. நூலுக்கு வந்தது. அந்த நூல்கள் வழக்கமாக வெளிவருவது இந்தி, ஆங்கிலம், உருது மூன்றில். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது ஒரே நாளில் இரண்டு மாற்றம். ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏற்றுவதுதான் பழகிய வழி. என்.சி.இ.ஆர்.டி.யே தன் புதிய நூல்களை 2023இல் ஒன்று, இரண்டு, 2024இல் மூன்று, ஆறு, 2025இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டு என்றுதான் விட்டது, ஆறாம் வகுப்புக்கு இணைப்புப் பயிற்சியும் கொடுத்தது. நூலை எழுதியவர்கள் எடுத்துக்கொண்ட அவகாசத்தை நூலை வாங்கியவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

தேசிய நூலையே வைத்துக்கொண்டாலும் காரைக்கால் ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பாடத்துக்கு ஒரு தாள். இடப்பக்கம் நூலின் அட்டவணை அப்படியே. வலப்பக்கம் அந்த ஊரின் அட்டவணை: குறுவை, சம்பா, தாளடி, உளுந்து, விதைக்கும் மாதம், அறுக்கும் மாதம், தண்ணீர் எங்கிருந்து. நடுவில் ஒரு கேள்வி: இரண்டும் ஏன் வேறு? அதற்குப் பதில் இரண்டு பருவமழைகளும் ஒரு அணையும். நிரப்ப வேண்டியது பிள்ளை, தகவல் தர வேண்டியது அதன் தாத்தா. ஆங்கிலத்தில் இருக்கும் பாடத்துக்கு இந்தத் தாள் தமிழில் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கவனிக்க வேண்டியது, தாளை ஆசிரியரே நிரப்பிக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அதுவும் மனப்பாடம் செய்ய இன்னொரு பட்டியல்.

தாளை ஒழுங்காக நிரப்பிய பிள்ளை தேர்வுக்குப் போகிறது. ‘நெல் எந்தப் பருவப் பயிர்?’ ஒரு மதிப்பெண். ‘எங்கள் ஊரில் இரண்டிலும்’ என்று அது எழுதுகிறது. விடைக்குறிப்பில் ‘காரீப்’ என்று மட்டும் இருக்கிறது.